கை மறித்த தட்டு

என் மருமகன் சங்கரபாண்டி எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்த முதல் வேளையிலேயே, பாதிச் சோறு விழுவதற்குள் தட்டின் மேல் கையை மறித்தார். மறிக்காமல் இருந்திருந்தால்தான் நான் முகம் சுளித்திருப்பேன். மாமியார் வீட்டில் போட்டதையெல்லாம் வாங்கிக்கொள்கிற புது மாப்பிள்ளையை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆயுசுக்கும் கேலி பேசுவார்கள்.

என் கல்யாணத்து மறுவீட்டுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தர்ஷனும் தேங்காய்ப்பால் சொதிக்கு இப்படித்தான் மறித்தார். என் அம்மா அதைச் சட்டை செய்யாமல் விரல் இடுக்கிலேயே கரண்டியைக் கவிழ்த்தாள். சுட்டதில் இவர் கையை உதற, பக்கத்தில் இருந்த என் சித்தப்பா வேட்டியெல்லாம் சொதி. மாப்பிள்ளை மறிப்பதும் மாமியார் மீறுவதும் சேர்ந்தால்தான் அது மரியாதை. ஒருத்தர் மட்டும் ஆடினால் கோலாட்டம் ஆகாது.

எங்கள் குடியிருப்பில் மீறுவதற்கு ஆள் இல்லை. இங்கே பரிமாறுவது அளவன்.

அளவன் என்பது கீழ்த்தளத்துப் பொதுச் சமையற்கூடத்தை நடத்துகிற இயந்திர மூளை. வீடுகளில் அடுப்பு கிடையாது. வேளை வந்தால் வீட்டார் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் சுவரில் உள்ள மாடம் திறக்கும். உள்ளேயிருந்து ஒரு நீளமான இயந்திரக் கை வந்து அவரவர் தட்டில் அவரவருக்கு உள்ளதை வைக்கும். தட்டு காலியானால் இன்னொரு கரண்டி நீட்டிப் பார்க்கும். யார் எவ்வளவு சாப்பிட்டார், எதை ஒதுக்கினார், எப்போது கை மறித்தார் என்று மேசை பார்த்துக்கொண்டே இருக்கும். அடுத்த வாரம் அதற்குத் தகுந்தபடிதான் அளவன் உலை வைக்கும். ஒரு பருக்கை மிஞ்சாது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு வர வேண்டும் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டினவர்களில் நானும் ஒருத்தி. சாப்பாடு மிஞ்சி வீணாகாமல் பார்த்துக்கொள்கிற குடியிருப்பின் மிச்சக் குழுவுக்கு நான்தான் தலைவி. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, நெல்லுச் சோறு அமாவாசைக்கும் பண்டிகைக்கும் மட்டும், மற்ற நாளெல்லாம் தினையும் குதிரைவாலியும் என்று ஒவ்வொன்றையும் சண்டை போட்டுத்தான் கொண்டுவந்தோம். "மாட்டுக்குப் போடுதத எங்களுக்குப் போடுதியளா?" என்று கேட்டவர்கள்தான் இப்போது தோல் துவையல் வராத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பலனும் கண்ணுக்குத் தெரிகிறது. வயல் குடிக்கிற தண்ணீர் குறைந்து, மிஞ்சியது தாமிரபரணியில் ஓடுகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மணலாய்க் கிடந்த ஆறு அது. இப்போது எங்கள் மாடிச் சன்னலில் நின்றால் படித்துறையில் தண்ணீர் ஏறியிருப்பது தெரியும். வெயிலுக்குப் பயந்து பகல் முழுக்கக் கதவடைத்துக் கிடக்கிற எங்களுக்கு அந்தச் சன்னல் ஒன்றுதான் ஆறுதல்.

அந்த வெயில்தான் சங்கரபாண்டியை எங்கள் வீட்டோடு கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் தலைமுறையில் எனக்கு யாழினி, வீட்டுக்காரருக்குத் தர்ஷன் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். நாங்கள் பெற்ற பிள்ளைகளுக்குப் பழைய பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. என் ஒரே மகள் சிவகாமி. அவள் விரும்பிக் கட்டிக்கொண்டவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர். வெயில் தாங்காமல் ஊரையே காலி செய்து, அவர் அப்பாவும் அம்மாவும் பத்துக் குடும்பங்களோடு ஒரு கூடத்தில் இருக்கிறார்கள். புதுசாய்க் கல்யாணம் ஆனவர்களுக்குத் தனி வீடு தருகிற காலம் மலையேறிவிட்டது. இரண்டு வீட்டில் எங்கே அறை காலியோ அங்கே போக வேண்டும். காலி அறை எங்களிடம்தான் இருந்தது. ஆக, அவர் வீட்டோடு மாப்பிள்ளை ஆனார்.

ஆள் ஆறடி. கை ஒவ்வொன்றும் அகப்பை மாதிரி இருக்கும். வேலை வெளிவேலை. வெயில் தணிந்ததும் கிளம்பிப் போய் வாய்க்காலில் இறங்கித் தூர்வாருகிற அணியில் இருக்கிறார். அவ்வளவு பெரிய ஆள் எங்கள் மேசையில் மட்டும் தோளை ஒடுக்கிக்கொண்டு உட்காருவார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று நாள் ஆனால் விருந்தாளி வீட்டாள் ஆகிவிட வேண்டும். எங்கள் மாப்பிள்ளை ஆகவே இல்லை. வாரம் போய் மாதம் வந்தும் ஒவ்வொரு வேளையும் புதுப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கையை மறித்தார்.

"கையை எடுங்க மாப்ள. கோழி கொத்துனாப்ல கொத்தியிருக்கிய."

"போதும் அத்தை. வயிறு நெறஞ்சிட்டு."

"என்னத்த நெறஞ்சிட்டு? தட்டே நெறயல."

"நெசமாவே போதும் அத்தை."

நான் சொல்லச் சொல்ல அவர் இரண்டு கையாலும் தட்டை மூடுவார். என் அம்மாவாக இருந்தால் கவிழ்த்திருப்பாள். மாடத்துக் கை அப்படியே பின்வாங்கி உள்ளே போய்விடும். அதற்கு மறித்தால் மறித்ததுதான்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருந்ததை நான் நாள் கழித்துத்தான் கண்டேன். அவர் பாதியில் மறிப்பதைப் பார்த்து அளவன் அடுத்த வாரம் பாதிதான் சமைத்தது. அந்தப் பாதி அவர் தட்டில் முழு அளவாக வந்தது. வந்ததை முழுசாக வாங்கிக்கொள்வது அழகா? அவர் அதிலும் பாதியில் மறித்தார். வருவது குறையக் குறைய அவர் கையும் அதற்கு முன்னால் போய் நின்றது. அடுத்தவன் வீட்டில் கொஞ்சம் மிச்சம் விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளைக்கும், மிச்சம் விட்டால் அடுத்த வேளை குறைத்து வை என்று படித்த இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு மனிதன் இளைத்துக்கொண்டே போனான்.

பசித்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று சிவகாமி கேட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று சொல்ல நான் அவரைப் பெறவில்லை. ஆனால் கண் இருக்கிறது. மேசைக்கு வருவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வருவார். துவையல் வைத்த இயந்திரக் கை சுவருக்குள் போகிற வரை அவர் கண்ணும் கூடவே போகும். கல்யாணச் சட்டை கொடியில் தொங்குகிற மாதிரி அவர் மேல் தொங்கியது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகுமாம். எங்கள் மாப்பிள்ளைக்கு ஒன்றுகூடப் பறக்கவில்லை.

"நீயா கற்பன பண்ணாதம்மா. அவரு குருவி மாதிரி. கொஞ்சந்தான் சாப்பிடுவாவ. வேணும்னா வேணும்னு சொல்லுவாவல்லா?" என்றாள் சிவகாமி.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் பேசப் பழகியதே அளவன் வந்த பிறகுதான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று நம்புகிற பிள்ளை.

நான் சும்மா இருக்கவில்லை. யாராவது தன் பங்கைத் தொடாமல் ஒதுக்கினால், அளவன் அதை மேசையில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒரு முறை காட்டும். யாருக்கும் வேண்டாம் என்றால்தான் எருக்குழிக்குப் போகும். அதனால் என் தோசையைத் தொடாமல் ஒதுக்கினேன். மாடத்துக் கை அதை எடுத்து அவர் முன்னால் நீட்டியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறித்தார். தோசை எருக்குழிக்குப் போனது. அடுத்த வாரம் எனக்கும் ஒரு தோசை குறைந்தது.

இன்னொரு நாள் கேழ்வரகு அடை ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போய் அவர் அறை வாசலில் நீட்டினேன். சொந்த வீட்டில் திருடுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க சாப்பிடலையா அத்தை?" என்று கேட்டு, அடையை என் கையிலேயே திருப்பி வைத்து மூடினார். மேசையை விட்டு உணவு வெளியே போயிருக்கிறது, விசாரிக்கவும் என்று மறுநாள் மிச்சக் குழுத் தலைவிக்கு அறிவிப்பு வந்தது. தலைவி நான்தான். என்னை நானே கண்டித்துப் பதில் அனுப்பினேன்.

இந்த நிலைமையில்தான் அவருக்கு மாலை போட்டார்கள்.

வெளிவேலை பார்க்கிற இளைஞர்களில், மிகக் குறைவாகச் சாப்பிட்டு, ஒரு நாளும் வேலைக்குத் தவறாதவர் சங்கரபாண்டி என்று அளவன் கண்டுபிடித்திருந்தது. ஆற்றங்கரையில் உள்ள ஏழு குடியிருப்புகளிலும் அவர் வயதில் வெளிவேலைக்குப் போகிற எல்லா ஆண்களுக்கும் இனி அவர் அளவுதான் முன்மாதிரி அளவு. பொதுக்கூடத்தில் கூட்டம் போட்டு, என்னையே பேசச் சொன்னார்கள். நான் ஆற்றைப் பற்றிப் பேசினேன். சின்னச் சின்ன விஷயம்தான், ஒரு கைப்பிடி குறைத்தால் படித்துறையில் ஒரு படி தண்ணீர் ஏறும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கைதட்டினார்கள். அவர் மாலையோடு என் பக்கத்தில் நின்றார். மாலை பாரத்தில் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு சில நாளிலேயே வாய்க்காலில் மண்வெட்டியோடு மயங்கி விழுந்துவிட்டார். சேற்றில் குப்புற விழுந்தவரைக் கூட வேலை செய்கிறவர்கள் புரட்டிப் போட்டதால் உயிர் தப்பியது. கொண்டுவந்து விட்ட பையன்கள் போகிற போக்கில், இந்த வாரம் தங்கள் அணியில் விழுந்தது இவர் மட்டும் இல்லை என்றார்கள். எல்லாம் மற்றக் குடியிருப்பு ஆட்கள், இவர் அளவில் சாப்பிடுகிறவர்கள்.

அளவனைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் கீர்த்தனாவை நான் வீட்டுக்கு வரச் சொன்னேன். சென்னையில் வளர்ந்த பெண். நல்ல பெண்தான். கையில் இருந்த திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உடம்புல கோளாறு எதுவும் இல்லை மேடம். எடை, ரத்தம் எல்லாமே அளவுக்குள்ளதான் இருக்கு."

"எந்த அளவு?"

"அவர் வயசுல, அவர் மாதிரி வேலை பார்க்கிற ஆம்பளைங்களோட அளவு."

"அந்த அளவு யாரை வச்சுப் போட்டது?"

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அவரை வச்சுத்தான்."

"அப்போ அவரை அவரு பக்கத்துலயே நிறுத்தி ஒசரம் பாத்துட்டு, கட்டையில்லன்னு சொல்லுதிய."

நான் விடவில்லை. "நீங்க அளவைக் கூட்டி வைங்க. கையால மாத்த முடியாதா?"

"முடியாது மேடம். முதல்ல அப்படித்தான் விட்டிருந்தோம். வீட்டுக்கு ஒருத்தர் சொன்னா மாத்திக்கலாம்னு. நிறைய வீட்டுல பொம்பளைங்க அளவைக் குறைச்சு ஆம்பளைங்களுக்கு ஏத்திட்டாங்க. ஒரு வீட்டுல மருமகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடே இல்லாமப் போச்சு. அதுக்கப்புறம்தான் மேசை கண்ணால பார்க்கிறதை மட்டும் நம்பணும்னு விதி போட்டோம். அந்த விதிக்கு உங்க குழுவும் கையெழுத்துப் போட்டிருக்கு."

போட்டிருந்தோம். நான்தான் முதலில் போட்டேன். சரி என்று பட்டுத்தான் போட்டேன், இன்றைக்கும் அது சரிதான்.

"பெரிய விஷயமே இல்லை மேடம். அவர் கையை எடுத்தாப் போதும். ஒரு வாரம் மறிக்காம, வேணுங்கிறதை வாங்கிச் சாப்பிட்டா அவர் அளவு தானா ஏறிடும். அவரோட சேர்ந்து ஏழு குடியிருப்புலயும் ஏறிடும்."

"எடுக்க மாட்டாவ."

"ஏன்?"

"மாமியா வீடு."

அவளுக்குப் புரியவில்லை. பசித்தால் கேட்க வேண்டியதுதானே என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. "வாயுள்ள பிள்ளதான் பொழைக்கும், ஒத்துக்கிடுதேன். ஆனா அவரு கேட்டா, இத்தன நாளும் நான் அவர பட்டினி போட்டேன்னு ஆகும். எனக்கு அந்தப் பேரு வரக்கூடாதுன்னு நெனைக்காவ. நானே போயி, நீங்க பசியா இருக்கியன்னு சொன்னா, மாமியாகிட்ட பசியக் காட்டிட்டமேன்னு அவருக்கு அவமானம். ரெண்டு பக்கமும் பூட்டு."

"நீங்க சொல்லும்போதெல்லாம் அவர் இன்னும் சீக்கிரம் மறிக்கிறார். மேசையில அது பதிவாகியிருக்கு" என்றாள் கீர்த்தனா, ஏதோ தகவல் சொல்கிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொன்னேன். ஆம்பளைக்கு ஆம்பளை பேசினால் ஒருவேளை இறங்குவார் என்று ஒரு நப்பாசை. இவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாவ?"

"'அத்தை வீட்ல நான் பசியா இருக்கேன்னு யாரு மாமா சொன்னது, அத்தை காதுல விழுந்தா என்ன நெனைப்பாவ'ன்னு என்னையப் போட்டு உலுக்கிட்டாரு. நான் வந்துட்டேன்."

மறுவேளை மாடம் திறந்தபோதே மாப்பிள்ளை தட்டை மூடிவிட்டார். தட்டில் விழுந்தது இரண்டு வாய்ச் சோறுதான். அதையும் எனக்குத் தெரிகிற மாதிரி ரசித்துச் சாப்பிட்டு, ஏப்பம் ஒன்றும் விட்டார். அந்த ஏப்பத்தைக் கேட்டு நான் எழுந்து உள்ளே போய் அழுதேன்.

பக்கத்துக் குடியிருப்பில் மிச்சக் குழுக்களின் கூட்டம் ஒன்று வந்தது. போன இடத்தில் வெயில் ஏறிவிட்டதென்று வெளிக்கதவை அடைத்துவிட்டார்கள். மதியச் சாப்பாடு அங்கேயே சாப்பிட வேண்டியதாயிற்று. வெளியே போனவர் போன இடத்துச் சாப்பாட்டுக் கணக்கில் இருந்தால், அவர் இல்லாமலே வீட்டு மாடம் திறக்கும். வெயில் இறங்கி நான் வீடு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"யாழினி, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? மாப்ள கையே மறிக்கலை."

"என்னது?"

"ஆமாங்கேன். அவருக்கு வந்தத பூரா சாப்பிட்டாரு. உனக்குன்னு சமைச்சு வச்சிருந்தத மாடம் எங்க முன்னால நீட்டுச்சு. ரெண்டு தடவ யோசிச்சாரு. அப்புறம் எடுத்துப் போட்டுக்கிட்டாரு. வழிச்சு நக்குனாரு, போ."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்தப் பங்கு அவர் வயிற்றுக்குள் போனதே என்று சாமியைக் கும்பிட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மற்றதும் விளங்கிவிட்டது. அவரை மறிக்க வைத்தது மேசையும் இல்லை, அளவனும் இல்லை. எதிரில் உட்கார்ந்து, கையை எடுங்க மாப்ள என்று சொல்லிக்கொண்டிருந்த நான்தான். நான் இருக்கிற வரை அவர் சாப்பிட மாட்டார். நான் இல்லையென்றால் சாப்பிடுவார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

முந்திய காலத்தில் மாமியார் மாப்பிள்ளை முன்னால் வரவே மாட்டாளாம், கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாளாம். அதைக் கேட்டுச் சிறுவயதில் நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன். அந்தக் காலத்து மனுஷிகள் ஒன்றும் மக்குகள் இல்லை போலிருக்கிறது.

கீர்த்தனாவைக் கூப்பிட்டேன். தனியாகச் சாப்பிட வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"தனித் தட்டு இருக்கு மேடம். உங்க படுக்கை அறைச் சுவர்லயே ஒரு சின்ன மாடம் திறந்து விடுவோம். ஆனா காரணம் சொல்லணும். மூணு காரணம்தான் ஏத்துக்கும். தொற்று நோய், துக்கம், மனக்கசப்பு."

"நோயின்னா?"

"சோதனை பண்ணுவோம். துக்கத்துக்கு யாராவது இறந்திருக்கணும். மனக்கசப்புக்கு மட்டும் எதுவும் காட்ட வேண்டாம். ஆனா…"

"ஆனா என்ன?"

"வீட்டு மேசையில எல்லாருக்கும் அறிவிப்பு வரும். உங்க பேரும், காரணமும்." அவள் திரையை ஓரமாக வைத்தாள். "நான் வேணா உங்க மககிட்ட உண்மையைச் சொல்லட்டுமா?"

"அவளுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே அவருக்குத் தெரியும். தனக்காக மாமியா மூலையில உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா, அந்த மனுசன் பச்சத் தண்ணி குடிக்க மாட்டாவ. நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"ஒரு வாரம் கழிச்சு திரும்பி வந்துடலாமே மேடம்?"

"நான் வந்து உக்காந்தா அவரு கையும் வந்து உக்காரும்" என்றேன். அவள் எழுந்து போகும்போது இன்னொன்று சொன்னாள். "மேடம், தனித் தட்டு புதுசுங்கிறதால அளவன் உங்களை முதல்லேருந்து பார்க்கும். உங்க வயசுல தனியா சாப்பிடுற பெண்களோட பதிவு எங்ககிட்ட ரொம்பக் கம்மி. உங்களோடதைத்தான் அவங்களுக்கும் எடுத்துக்கும். பார்த்துக்கோங்க."

மறுநாள் மேசையில் எல்லார் தட்டுக்கும் முன்னால் எழுத்து மின்னியது. யாழினி, தனித் தட்டு, காரணம் மனக்கசப்பு. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிவகாமி அதை இரண்டு முறை படித்தாள். "யாரு மேலம்மா கசப்பு?"

நான் அறைப் பக்கம் திரும்பினேன்.

"என் மேலயா? அப்பா மேலயா?" அவள் குரல் இறங்கியது. "இவர் மேலயா?"

"எனக்குத் தனியா இருக்கணும்னு தோணுது. அவ்வளவுதான்."

"தனியா இருக்கணும்னா அதைச் சொல்லு. கசப்புன்னு எதுக்குப் போட்டிருக்கு? வீட்டோட வந்துட்டாருன்னு எளக்காரமா? மாலை போட்டப்போ பக்கத்துல நின்னு பேசுன. இப்போ கூட உக்காந்து சாப்பிட முடியலையா? ஊருக்குத்தான் நீ நல்லவ."

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "ஏட்டி, சும்மா இரி. பெரியவங்க." என்னைப் பார்த்து, "அத்தை, நான் ஏதாவது தெரியாம செஞ்சிருந்தா…" என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னும் ஒரு சொல் கேட்டிருந்தால் உண்மையைக் கொட்டியிருப்பேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கதவு வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற காலடி கேட்டது. இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் அறை மாடம் சின்னது. சுவரைப் பார்த்து ஒரு பலகை, ஒரு நாற்காலி. மாடம் திறந்து குதிரைவாலிச் சோறும் தோல் துவையலும் மோரும் வந்தன. நான் கை வைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் இவர் குரல்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் நீட்டுதே. வேணுமா?"

"ம்… போடட்டும் மாமா."

"நெசமாவா?" என்றது சிவகாமி.

"துவையலும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் இத்தனை மாதத்தில் அவர் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்க நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டியிருந்தது. அவர் அளவு ஏறினால் ஏழு குடியிருப்பிலும் ஏறும், ஆற்றில் ஒரு படி தண்ணீர் இறங்கினாலும் இறங்கும். இறங்கட்டும். வாய்க்காலில் விழுந்த பையன்களின் பசியில் ஏறிய படி அது. மிச்சத்தைக் குறைக்கத்தான் நாங்கள் புறப்பட்டோம், மனிதனைக் குறைக்க இல்லை.

"எங்கம்மா இல்லன்னாத்தான் உங்களுக்குச் சாப்பாடு எறங்குது, பாத்தியளா?" என்றாள் சிவகாமி. விளையாட்டாகச் சொல்ல நினைத்திருப்பாள், குரலில் கோபம்தான் இருந்தது.

"அப்படிச் சொல்லாத. அத்தை மனசு நோக நான் என்ன செஞ்சேன்னுதான் எனக்குத் தெரியல" என்றார் அவர்.

சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்திவிடுவாரோ என்று காதைக் கதவோடு இன்னும் ஒட்டி வைத்தேன். தட்டில் விரல் வழிக்கிற சத்தம் தொடர்ந்து கேட்ட பிறகுதான் கதவை விட்டு நகர்ந்தேன்.

என் பலகையில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அளவன் காத்திருந்தது. தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் மனசு சரியில்லாமல் தள்ளுகிறேன் என்று மேசைக்குத் தெரியாது. இவளுக்கு இவ்வளவு போதும் என்று எடுத்துக்கொள்ளும். எங்கோ ஒரு குடியிருப்பில், என் வயதுக்காரி ஒருத்தி, புருஷனைப் பறிகொடுத்தோ பிள்ளைகளோடு கசந்தோ இதே மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நாளைக்கு அவள் தட்டில் ஒரு கைப்பிடி குறையும். அவளும் யாரிடமும் கேட்க மாட்டாள்.

சோற்றைப் பிசைந்தேன். ஒவ்வொரு வாயாக எடுத்து வைத்து மோர் விட்டு விழுங்கினேன். தட்டு காலியானதும் மாடத்துக் கை இன்னொரு கரண்டியோடு வெளியே வந்தது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அது வைத்ததையும் அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.